பதினான்காம் தாளில் ஒரு முடி

எங்கள் தேவாலயப் பங்கின் ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை, அவரவர் பார்த்த வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று இளையோர் குழு முடிவு செய்திருக்கிறது. என்னிடம் கேட்க வந்த பிள்ளை முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டாள்.

"அன்ரி, நீங்கள் கண்ணாடிக் கடையிலதானே வேலை செய்தனீங்கள்?"

லண்டனில் நாங்கள் இருக்கும் கோலியர்ஸ் வுட்டில் பாதிப் பேருக்கு இந்த எண்ணம்தான். யாரோ எப்போதோ என் மேசையில் லென்ஸ் இருந்ததாகச் சொல்லிவிட்டார்கள். மறுபாதிப் பேர் என் கணவர் அருளைக் கேட்டிருக்கிறார்கள். அவர் குழாய் வேலை செய்பவர், அதிகம் பேசமாட்டார். "அவ படம் பாக்கிறவ" என்று சொல்லிவிட்டுத் தன் வான் வண்டிக்குள் ஏறிவிடுவார்.

அவர் சொன்னது சரி. இருபத்தாறு வருடங்கள் படம் பார்த்தேன். விமானத்திலிருந்து நேர் கீழே எடுத்த படங்கள். அவற்றைப் பார்த்து, தரையில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வீதி போட இருப்பவர்களும் குழாய் புதைக்க இருப்பவர்களும் மின்கோபுரம் நட இருப்பவர்களும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பாதையைத் தீர்மானிப்பார்கள். போன வருடம் அந்த வேலையைக் கணினிக்குக் கொடுத்துவிட்டு, எங்களில் ஐம்பது தாண்டியவர்களை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். வயது ஐம்பத்தேழு. ஓய்வுபெற்றவள் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கேட்டபடி எழுதுகிறேன். ஆனால் வெற்றிக் கதை எழுத வரவில்லை. இருபது வருடங்களுக்கு முன் நான் போட்ட ஒரு கையெழுத்தை வைத்து, பாலைவனத்தில் உள்ள மிகப் பழைய உருவம் ஒன்றை அழிக்கப் பார்த்தார்கள். அதைத் தடுக்க வேண்டுமானால் நான் பிழை விட்டேன் என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதை எழுதி மாதங்கள் ஆகியும் அந்தப் பதற்றம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் புவியியல் பாதி, ஜேர்மனியில் மொழி கொஞ்சம், லண்டனில் மாலை வகுப்பு மிச்சம். மன்னாரில் பிறந்தவள் ஏன் பாலைவனத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கினாள் என்று கேட்டால், விளம்பரத்தைப் பார்த்தேன், விண்ணப்பித்தேன், எடுத்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

எடுத்தவர் கிரெகரி. எங்கள் பிரிவின் தலைவர். உயரமான, மெலிந்த, எப்போதும் ஒரே பச்சைக் கம்பளிச் சட்டை அணிந்த மனிதர். அவர் பேசியது ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன். ஒரு படத்தை முன்னால் வைத்து, "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்பார். "இது ஒரு பழைய கிணறு" என்று சொன்னால் முகம் சுளிப்பார். "நான் இது என்ன என்று கேட்கவில்லை. என்ன தெரிகிறது என்று கேட்டேன்." வட்டமாக, இருட்டாக ஒன்று தெரிகிறது என்றால்தான் அடுத்த கேள்வி வரும்.

அவர் உருவாக்கிய படிவத்தில் மூன்று பெட்டிகள். கண்டது. இருக்கலாம். தெரியவில்லை. மூன்றாவது பெட்டியை வெறுமையாக விட்டுத் தாளைக் கொடுத்தால் திருப்பித் தருவார். "ஒரு முழுப் பாலைவனத்தில் உனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லையா? வாழ்த்துகள்."

இனி நாங்கள் பார்த்த முறை. அது தெரியாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. விமானம் நேர்கோட்டில் பறந்துகொண்டு வரிசையாகப் படம் எடுக்கும். ஒரே இடம் அடுத்தடுத்த இரண்டு படங்களில் விழும். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரட்டைக் கண் கருவியால் பார்த்தால் தரை மேடும் பள்ளமுமாக எழும்பி நிற்கும். இடது படத்தையும் வலது படத்தையும் மாற்றி வைத்துவிட்டால் மலையெல்லாம் குழியாகிவிடும். புதிதாக வந்த எல்லோரும் ஒரு நாளாவது ஒரு மலைத்தொடரைக் குழியாக்கியிருப்பார்கள். அதற்கு யாரும் சிரிக்கமாட்டார்கள்.

முக்கியமான விதி இதுதான்: இரண்டு படத்திலும் தெரிந்தால் அது தரையில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் தெரிந்தால் அது தூசி, கீறல் அல்லது நார். நெகட்டிவில் ஒரு மெல்லிய நார் ஒட்டியிருந்தால் அச்சுப்படத்தில் அது வெள்ளைக் கோடாக விழும். இரண்டு கண்ணும் சாட்சி சொல்ல வேண்டும் என்பார் கிரெகரி.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், தென்னமெரிக்கப் பாலைவனம் ஒன்றின் படத்தில் ஒரு கோடு கண்டேன். கறுப்பு. மெல்ல வளைந்து, ஓர் ஓடையைக் கடந்து, ஒரு குன்றின் மேல் ஏறிப் போனது. எங்கள் அளவில் ஒரு சென்ரிமீற்றர் என்றால் தரையில் ஐம்பது மீற்றர். அளந்து பார்த்தேன். ஒரு கிலோமீற்றர். பக்கத்துப் படத்தைப் பார்க்கும் பொறுமை எங்கே? அந்தப் பகுதியில்தான் நாஸ்கா கோடுகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். இரும்பு நிறக் கற்களை ஒதுக்கிவிட்டு, கீழே உள்ள வெளிறிய மண்ணால் கீறப்பட்ட பிரமாண்டமான பறவைகள், குரங்கு, சிலந்தி. தரையில் நின்றால் வெறும் பாதை. மேலிருந்து பார்த்தால்தான் சிலந்தி. கீறியவர்கள் மேலிருந்து பார்க்கவே இல்லை. ஏன் கீறினார்கள் என்று இன்றுவரை ஒருவரும் உறுதியாகச் சொன்னதில்லை. தண்ணீருக்கான வேண்டுதல் என்கிறார்கள், நடந்து வழிபடும் பாதை என்கிறார்கள். எங்கள் பங்கில் உள்ள ஜோசப் மாமா வேற்றுக்கிரகத்து ஆட்கள் இறங்கிய இடம் என்கிறார். அவர் அதை ஒவ்வொரு கிறிஸ்மஸ் விருந்திலும் எனக்குச் சொல்கிறார்.

"கண்டது" பெட்டியில் நான் எழுதினேன்: வளைகோடு, ஒரு கிலோமீற்றர், மிகப் பழமையானது.

கிரெகரி படத்தை எடுத்துப் பார்த்தார். குனிந்து பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து சிறிய கிடுக்கி ஒன்றை எடுத்து, அந்த ஒரு கிலோமீற்றரையும் மெதுவாகத் தூக்கினார். அது என் தலைமுடி. தேங்காயெண்ணெய் பூசியதால் படத்தோடு நன்றாக ஒட்டியிருந்தது.

"எவ்வளவு பழமை?" என்று கேட்டார்.

"முப்பது வருடம்" என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. முடியை ஒரு வெள்ளை அட்டையில் ஒட்டி, கீழே அழகான எழுத்தில் "ஒரு கிலோமீற்றர், மிகப் பழமையானது" என்று எழுதி, என் மேசைக்கு மேலே சுவரில் குத்தினார். அது அங்கே பல வருடங்கள் இருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு முதலில் அதைக் காட்டுவார்கள். நானும் சிரிப்பேன். அன்றிலிருந்து கொண்டையை இறுக்கிக் கட்டி, வலை போட்டு வேலைக்குப் போனேன். உறைப்பான பகிடிதான், ஆனால் அன்பில்லாதது அல்ல. அது எனக்குள்ளே வேறொரு வேலை செய்துகொண்டிருந்தது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு கோடு கண்டால் முதலில் முடி என்றுதான் மனம் சொல்லும்.

எங்கள் மகள் நிலானிக்கு ஆறு வயதாக இருந்தபோது பதினான்காம் தாள் வந்தது. அதே நாட்டில், பெயர்பெற்ற கோடுகளுக்கு வெகு தூரத்தில், ஒரு வெறும் சமவெளி. அதன் குறுக்கே மின்கோபுர வரிசை போக இருந்தது. வழியை முப்பது தாள்களாகப் பிரித்திருந்தார்கள்; அவ்வளவையும் பார்த்து, பழைய தடயம் உள்ள இடங்களைக் குறித்துக் கொடுக்க வேண்டும். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு தாள்.

இரண்டரை மணிக்கு நிலானியின் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி. பிள்ளை விளையாட்டுக் கம்பியிலிருந்து விழுந்து நாடியில், மோவாய்க்கட்டையில், வெட்டு, பயப்பட ஒன்றுமில்லை, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் காதில் விழாது. அருளை அழைத்தேன். அவர் குறொய்டனில் யாரோ ஒருவருடைய சமையலறைத் தொட்டிக்குக் கீழே படுத்திருந்தார்.

தாளில் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. இடப்பக்கப் படத்தில், மேல் மூலைக்கு அருகே, வெள்ளையாக ஒரு வளைகோடு. முழுவதுமாக இரண்டு சென்ரிமீற்றர் இடத்துக்குள் சுருண்டிருந்தது. வலப்பக்கப் படத்தில் அதே இடத்தில் ஒன்றும் இல்லை. விதிப்படி அது நார்.

கிரெகரி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்ன தெரிகிறது?"

"நெகட்டிவில் ஒட்டிய நார். ஒரு படத்தில் மட்டும்தான்."

அவர் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். "மூன்றாவது பெட்டியில் போடுகிறாயா? நெகட்டிவைத் துடைத்து மறுஅச்சு கேட்கலாம். திங்கட்கிழமை வந்துவிடும்."

அப்போது நான் தலையை நிமிர்த்தினேன். கண்ணுக்கு நேரே அந்த அட்டை. ஒரு கிலோமீற்றர், மிகப் பழமையானது.

"ஒரு நாருக்காகத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டுமா?" என்றேன். அவர் சிரித்தார். நான் "படக்குறை, தரையில் தடயம் இல்லை" என்று எழுதி ஒப்பமிட்டேன். கீழே அவரும் ஒப்பமிட்டார். மணி மூன்றுக்குப் பத்து நிமிடம். படிகளில் இறங்கி ஓடினேன். நிலானி பள்ளிக்கூட வரவேற்பறையில், நாடியில் பெரிய பிளாஸ்டருடன், கையில் ஒரு பிஸ்கட்டுடன் உட்கார்ந்திருந்தாள். "பிந்தி வாறீங்கள்" என்றாள்.

அந்தத் தாளை நான் மறந்துபோனேன். நிலானி என்னவோ என் படங்களின் பக்கமே சாய்ந்து வளர்ந்தாள். மருத்துவம் படிக்கச் சொன்னோம், தொல்லியல் படித்தாள். போன வருடம் அந்த நாட்டுப் பேராசிரியை ஒருவரின் குழுவில் சேர்ந்து அந்தப் பாலைவனத்துக்கே போனாள். நான் சிறு தலையணை அளவு மருந்துப்பை ஒன்று கட்டிக் கொடுத்தேன். அதை விமான நிலையத்தில் இரண்டு முறை திறக்கச் சொன்னார்கள்.

அங்கிருந்து வாரத்துக்கு ஒரு முறை அழைப்பாள். அங்கே காலை ஒன்பது, இங்கே பிற்பகல் மூன்று. இந்த வசந்த காலத்தில் ஒரு நாள் வழக்கமில்லாத நாளில் அழைப்பு வந்தது.

"அம்மா, முதல்ல ஒண்டு. எனக்கு ஒண்டும் நடக்கேல்ல. ஓகே?"

"என்ன நடந்தது?"

"அதுதான் சொல்லுறன், ஒண்டும் நடக்கேல்ல. நீங்கள் இருக்கிறீங்களா?"

"நிண்டுகொண்டு கேக்கிறன். சொல்லு."

"இருங்கோ அம்மா. பிளீஸ்."

உட்கார்ந்தேன். அவள் சொன்னது இது. அவர்கள் புதிய விமானப் படங்களைக் கணினிக்குக் கொடுத்துப் பழைய கோடுகளைத் தேடவைத்திருக்கிறார்கள். கணினி ஓர் உருவத்தைக் கண்டிருக்கிறது. நூறு மீற்றர் அகலம். நாலு கால், நீண்ட வால், ஒரே கோட்டில், எங்கும் வெட்டிக்கொள்ளாமல் கீறியது. மின்கோபுரங்களைப் பார்க்கப் போடப்பட்ட மண்பாதை அதன் பின்னங்கால் ஒன்றை அறுத்துக்கொண்டு போகிறது. இப்போது இரண்டாவது கோபுர வரிசை வரப்போகிறது. அந்தப் பாதையை மூன்று மடங்கு அகலமாக்கப் போகிறார்கள். அப்படி ஆக்கினால் மிச்ச உடம்பும் போய்விடும்.

"அதை அரசாங்கத்திட்டச் சொல்லி நிப்பாட்டலாம்தானே" என்றேன்.

"நாங்கள் சொன்னனாங்கள். கம்பனி லோயர் ஒரு பேப்பர் காட்டுறார். இருபது வருசத்துக்கு முதல் லண்டனில இருந்து எக்ஸ்பேர்ட் பார்த்தவையாம். அந்த இடத்தில ஒண்டும் இல்லையெண்டு சைன் பண்ணியிருக்காம். அப்ப ஒண்டும் இல்லையெண்டால், இது அதுக்குப் பிறகு ஆரோ விளையாட்டுக்குக் கீறினது. பழசில்ல. ரோட்டுப் போடலாம். அதுதான் அவரிட வாதம்."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"கையெழுத்து வாசிக்கேலாமல் இருக்கெண்டு புரொபெசர் சொன்னா. எனக்கு வாசிக்க ஏலும். என்ர ஸ்கூல் ரிப்போட்டில எல்லாம் அந்தச் சைன்தான் இருக்கு."

என் மகள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, அவளுடைய பழைய பள்ளி அறிக்கை ஒன்றைத் தேடி எடுத்து, அதில் என் கையெழுத்தைப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் அருள் வேலையால் வந்ததும் சொன்னேன். அவர் சப்பாத்துக் கழற்றாமல் முழுவதையும் கேட்டார்.

"இஞ்சேரும், நீர் ஒண்டும் எழுதிக் குடுக்க வேண்டாம். நாளைக்கு வழக்குப் போட்டு உம்மையே கோட்டுக்கு இழுப்பாங்கள். பென்ஷனிலயும் கை வைப்பாங்கள்."

"ஆர் கை வைக்கிறது?"

"ஆரோ. எனக்கென்ன தெரியும். குழாய் பிழையாப் பூட்டினாலே வீட்டுக்காரன் வருசக்கணக்காத் துரத்துவான். நீர் ஒரு பாலைவனத்தையே பிழையாப் பூட்டியிருக்கிறீர்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மனசு கேக்காட்டி பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சொல்லும். பாதர் மன்னிப்பார். ஒருத்தருக்கும் தெரியாது."

"பாதர் மன்னிச்சால் அந்த மிருகத்துக்கு என்ன பிரயோசனம்?"

அவர் சப்பாத்தைக் கழற்றினார்.

அடுத்த நாள் கிரெகரியை அழைத்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார், கடற்கரை ஊர் ஒன்றில் தனியாக இருக்கிறார். காது மந்தம். என் பெயரை மூன்று முறை சொன்னேன், பிடிபடவில்லை. "ஒரு கிலோமீற்றர்" என்றேன். "ஆ, நீயா" என்றார்.

கதையைச் சொன்னேன். முடிந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "வலப்பக்கப் படத்தில் அந்த மூலை எப்படி இருந்தது?"

"நினைவில்லை."

"போய்ப் பார். சூரியன் விமானத்துக்கு நேர் பின்னால் இருந்திருந்தால்?"

தொழில் தெரிந்தவர்களுக்கு அது போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விமானத்தின் நிழல் விழும் இடத்தைச் சுற்றிப் படம் வெளுத்துப்போகும். அங்கே உள்ள ஒவ்வொரு கல்லும் தன் நிழலைத் தனக்குப் பின்னால் மறைத்துக்கொள்வதால் எல்லாம் ஒரே வெளிறலாகத் தெரியும். வெளிறிய கோடு அதில் கரைந்துவிடும். ஆகவே ஒன்று இல்லை என்று எழுதுவதற்கு முன், அது இருந்திருந்தால் இந்தப் படம் காட்டியிருக்குமா என்று பார்க்க வேண்டும். இதை நானே புதியவர்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பழைய படங்களெல்லாம் நகருக்கு வெளியே ஒரு களஞ்சியத்துக்குப் போய்விட்டன. அனுமதி வாங்க ஒன்பது நாள் ஆனது. அங்கே வீதி வேலைக்கு இயந்திரம் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த ஒன்பது நாளும் நான் சமைத்ததில் உப்பு இருந்ததா இல்லையா என்று அருள் வாய் திறக்கவில்லை; அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்தது. பத்தாம் நாள் ரயிலேறிப் போனேன். கொண்டை, வலை. பழக்கம்.

பதினான்காம் தாளின் பெட்டியைத் திறந்தேன். இடப்பக்கப் படத்தில் அந்த வெள்ளை வளைகோடு. வலப்பக்கப் படத்தில் மேல் மூலை, மாவு கொட்டியது போல் வெளுத்திருந்தது. அதன் நடுவில் விமானத்தின் நிழல், ஒரு சின்ன இலையான் அளவில், ஓர் ஈயைப் போல. அன்று நான் அந்த இலையானைப் பார்த்திருந்தால் போதும்.

ஆனால் அது ஊகம்தான். நிரூபிக்க மூன்றாவது சாட்சி வேண்டும். விமானம் அன்று இரண்டு வரிசையாகப் பறந்திருந்தது. பக்கத்து வரிசைப் படத்தின் ஓரத்தில் அதே இடம் விழுந்திருக்க வேண்டும். தேடி எடுத்தேன். கருவியைச் சரிசெய்ய வெகு நேரம் எடுத்தது. இடக்கண்ணுக்குப் பழைய படம், வலக்கண்ணுக்குப் பக்கத்து வரிசைப் படம். இரண்டும் மெதுவாக நெருங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தரை எழும்பியது.

இரண்டு கண்ணிலும் இருந்தது. நாலு காலும் முழுதாக. அது வேறு படச்சுருள், வேறு நெகட்டிவ். ஒரே நார் இரண்டிலும் அதே இடத்தில் ஒட்ட வழியில்லை. கோபுரமோ பாதையோ எதுவும் வராத காலத்துப் படம். அது அங்கே எத்தனை நூற்றாண்டுகளாக நிம்மதியாக நின்றிருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்த ஒரு வெள்ளிக்கிழமையில் என்னிடம் அகப்பட்டிருக்கிறது.

கொஞ்ச நேரம் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. களஞ்சியப் பொறுப்பாளர் வந்து தேநீர் வேண்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொன்ன விதத்தைப் பார்த்து, மறுபடி கேட்காமலே கொண்டுவந்து வைத்தார்.

கடிதம் ஒரு பக்கம். எழுத இரண்டு நாள் ஆனது. முதல் பிரதியில் "அக்காலத் தொழில்நுட்பத்தின் வரையறைகளால்" என்று தொடங்கியிருந்தேன். அழைத்து வாசித்துக் காட்டினேன். கிரெகரி கேட்டுவிட்டு, "இது எந்தப் பெட்டியில் வரும்?" என்றார். கிழித்தேன். கடைசிப் பிரதி இப்படித் தொடங்கியது: அந்தக் கோட்டை அன்று நான் கண்டேன். கண்டதை நார் என்று எழுதினேன். மறுஅச்சு கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பக்கத்து வரிசைப் படத்தைப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். கோடு தரையில் இருக்கிறது.

பிள்ளை விழுந்த கதையை அதில் எழுதவில்லை. அது காரணம்தான், ஆனால் தாளில் வரக்கூடிய காரணம் அல்ல.

"என் கையெழுத்தும் அதில் இருக்கிறது" என்றார் கிரெகரி. "நான் தலைவர். பொறுப்பு என்னுடையது என்று எழுதித் தருகிறேன். உன் பெயரை எடுத்துவிடு."

"நீங்கள் நார் என்று சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்."

கடல் இரைச்சலா, அவருடைய மூச்சா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "அந்த அட்டையை அவ்வளவு காலம் நான் தொங்கவிட்டிருக்கக் கூடாது" என்றார். "அது நல்ல பகிடி என்று நினைத்தேன்."

"நல்ல பகிடிதான்" என்றேன். "கொஞ்சம் நீளம்."

அவரும் தன் பங்குக்கு இரண்டு வரி எழுதி ஒப்பமிட்டார். எனக்குப் பக்கத்தில், அதே பழைய வரிசையில். சட்டத்தரணி முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அருள்தான் வானில் ஏற்றிக்கொண்டு போனார். வாசலில் இறக்கும்போது, "வடிவாப் பாத்துப் போடும்" என்றார்.

கடிதமும் படங்களும் அங்கே போன பிறகு, லோயருடைய தாள் எடுபடவில்லை. ஆய்வு முடியும் வரை வீதி வேலையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்றுதான் எழுதுகிறேன். கைவிட்டார்கள் என்று எழுத எனக்கு இன்னும் தெரியாது. அறுந்த பின்னங்கால் திரும்பி வராது. என்னை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை. ஆனாலும் தபால்காரர் தடித்த கடித உறை கொண்டுவந்தால் அருள்தான் முதலில் எடுக்கிறார்.

கணினி கெட்டிக்காரனா என்று என்னுடன் வேலை செய்த இளையவர்கள் கேட்கிறார்கள். கெட்டிக்காரன்தான். எனக்குத் தெரியாததை அது கண்டது என்று சொன்னால் எனக்கு வசதி. ஆனால் எனக்குத் தெரிந்ததைத்தான் அது கண்டது. அதற்குத் தலைக்கு மேலே ஓர் அட்டை இல்லை, இரண்டரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வருவதும் இல்லை.

அது என்ன மிருகம் என்பதில் இன்னும் முடிவில்லை. பேராசிரியை நரி என்கிறார். நிலானி பூனை என்கிறாள். படத்தைப் பார்த்த அருள் கங்காரு என்றார். ஜோசப் மாமா இந்தக் கிறிஸ்மஸுக்கு ஒரு கருத்துடன் வருவார், சந்தேகமில்லை.

போன வாரம் மூன்று மணிக்கு நிலானியின் அழைப்பு வரவில்லை. மூன்று பத்துக்கு நான் மூன்று முறை முயன்றேன். மூன்றேகாலுக்கு ஒரு படம் வந்தது, ட்ரோனிலிருந்து நேர் கீழே எடுத்தது. கூடவே ஒரு வரி: "அம்மா, என்ன தெரியுது?"

கண்ணாடியைப் போட்டு, மேசையில் வைத்துப் பார்த்தேன். உருவம் முழுவதும் தெரிந்தது. பின்னங்கால் இருந்த இடத்தில், மண்பாதையின் நடுவில், ஒரு சின்னப் புள்ளி. கோட்டின் மேல் யாரும் மிதிக்கக் கூடாது. ஆகவே அந்த மிருகத்துக்குள் ஓர் ஆள் நிற்கக்கூடிய ஒரே இடம் நான் கெடுத்த இடம்தான். புள்ளியிலிருந்து ஒரு நீண்ட நிழல் மேற்கே விழுந்திருந்தது.

நிலானி நான் மிருகத்தைப் பற்றி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் நிழலைப் பெரிதாக்கினேன். தோள் தெரிந்தது. கழுத்து தெரிந்தது. தலை உருண்டையாக இருந்தது. சுற்றி விளிம்பு இல்லை.

மூன்று பெட்டிக்கும் பதில் எழுதினேன்.

கண்டது: ஒற்றைக் கோட்டு உருவம், ஒரு கால் அறுந்தது. ஓர் ஆள். தொப்பி இல்லை.

இருக்கலாம்: மகள்.

தெரியவில்லை: என்ன மிருகம், ஏன் கீறினார்கள், காலையில் சாப்பிட்டாளா.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "தொப்பி ஜீப்புக்குள்ள இருக்கு, அம்மா. இப்ப போடுறன்."

முதல் பெட்டியில் எழுதியது சரி. இம்முறை மறுஅச்சு தேவைப்படவில்லை.